விஎம்முக்குத் தனி டிஸ்க்: எந்த வழியில் இணைப்பது?

காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவியைப் பராமரிக்கிறோம். உள்ளே வேலை செய்வது கியூஎமு: ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர்க் கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் மென்பொருள். ஒரே கட்டளையில் லினக்ஸ் விஎம் ஒன்றை எழுப்பித் தருவது மட்டும்தான் எங்கள் கருவியின் வேலை. கட்டளைச் சொற்கள் தமிழில் இருக்கும்: ‘தொடங்கு’, ‘நிறுத்து’, ‘நீக்கு’. ஒவ்வொரு விஎம்முக்கும் 20 ஜிபி டிஸ்க் ஒன்று கிடைக்கும். இன்னொரு டிஸ்க்கை இணைக்க இதுவரை வழியில்லை. இப்போது அந்த ஆப்ஷனைச் சேர்த்தே ஆக வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் நாலைந்து கருத்து இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, என் முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கருவியை அதிகம் பயன்படுத்துவது பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்கிறவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய குடும்பங்களின் பேரேடுகளும் ஐந்தொகைகளும் கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. பல வீடுகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே இருக்கும். கல்யாணமோ முன்னோருக்குச் செய்யும் படைப்போ வந்தால் குடும்பம் ஊருக்கு வரும், பெட்டியும் திறக்கும். அந்த நாலைந்து நாளுக்குள் ஸ்கேன் செய்தால் உண்டு. தவறவிட்டால் அடுத்து எப்போது திறப்பார்கள், அதற்குள் கரையான் எவ்வளவு தின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதாவது, இந்த இரண்டாவது டிஸ்க்கில் போய் உட்காரப் போவது மறுபடி எடுக்க முடியாத தரவு. என் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

அளவையும் பார்த்துவிடலாம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 600 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் 4960-க்கு 7016 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால், சுருக்காத டிஃப் கோப்பு ஏறக்குறைய 104 எம்பி வரும். 300 பக்கமுள்ள ஒரே ஒரு பேரேடு 31 ஜிபி. எங்கள் விஎம்மின் 20 ஜிபியில் ஒரு புத்தகம்கூட அடங்காது.

முதலில், டிஸ்க்தான் வேண்டுமா?

இருக்கிற டிஸ்க்கையே பெரிதாக்கினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கியூஎமு-ஐஎம்ஜி ரீசைஸ் என்று ஒரு கட்டளை, உள்ளே போய்ப் பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்ட இன்னும் இரண்டு கட்டளை, வேலை முடிந்தது. புதிய ஆப்ஷனே தேவையில்லை. ஆனால் எங்கள் கருவியில் விஎம் என்பது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்பும் பொருள். அப்டேட் ஏதாவது குழப்பினால் யாரும் உட்கார்ந்து சரிசெய்வதில்லை. ‘நீக்கு’, பிறகு ‘தொடங்கு’. அப்படி இருக்கும்போது ஸ்கேன்களை அதே டிஸ்க்கில் வைத்தால், என்றாவது ஒரு நாள் அவையும் சேர்ந்து போகும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் தன் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் சென்னையில் 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை. ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்க்கும் அப்படிப்பட்ட சேகரிப்பு, ஒரு ‘நீக்கு’ கட்டளைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. பெரிதாக்கும் வழியை நான் இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்குகிறேன்.

இரண்டாவது வழி ஷேர்டு ஃபோல்டர். ஹோஸ்டில், அதாவது விஎம் ஓடும் நிஜக் கணினியில், இருக்கும் ஒரு ஃபோல்டரை 9பி அல்லது விர்ட்ஐஓஎஃப்எஸ் என்ற பகிர்வு முறை மூலம் விஎம்முக்குள் காட்டுவது. இதன் பெரிய வசதி, ஹோஸ்டும் அதே கோப்புகளைப் பார்க்க முடியும் என்பது. ஸ்கேனர் ஹோஸ்டில்தான் மாட்டியிருக்கிறது, ஆகவே புதிதாக எடுத்த பக்கங்களை உள்ளே அனுப்ப இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விஎம்முக்குள் ஓடும் பட்டியல் டேட்டாபேஸை 9பி மேல் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பர்மிஷன், கோப்புப் பூட்டு, டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற உறுதி, இந்த மூன்றிலும் டேட்டாபேஸ் எதிர்பார்க்கும் கறார் அங்கே கிடைக்காது. விர்ட்ஐஓஎஃப்எஸ் எவ்வளவோ மேல், ஆனால் அதற்குத் தனியாக ஒரு டீமன் (பின்னணி நிரல்) ஓட வேண்டும், விஎம்மின் நினைவகத்தையும் பகிரும்படி அமைக்க வேண்டும். வந்து சேரும் இடமாக ஷேர்டு ஃபோல்டர், தங்கும் இடமாகத் தனி டிஸ்க். இதில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

ஆப்ஷனின் வடிவம்

சண்டை இங்கேதான். குறைந்த வேலையில் முடிவது, பயனர் எழுதுவதை அப்படியே கியூஎமுவுக்குத் தள்ளிவிடுவது. ஒரு வரி நிரல்தான். ஆனால் பயனர் ‘-பிளாக்டெவ்’ ஒன்றும் ‘-டிவைஸ்’ ஒன்றும் எழுதி, இரண்டையும் ஒரே பெயரால் கோக்க வேண்டும். அதைத் தெரிந்தவருக்கு எங்கள் கருவியே தேவையில்லை. தவிர, எந்த டிஸ்க் எங்கே இணைந்திருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாமலே போகும். பராமரிக்கிறவர்களின் சோதனைக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

அடுத்தது முக்காற்புள்ளி வடிவம்: கோப்பின் பாதை, ஒரு முக்காற்புள்ளி, பிறகு ‘படிக்க மட்டும்’ போன்ற குறிப்பு. ஆப்பிள் கணினிகளில் விஎம் ஓட்டும் டார்ட் இப்படித்தான் செய்கிறது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கரின் ‘-வி’யும் இதே பாணி. தட்ட எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் விண்டோஸில் பாதையே ‘சி’ என்ற எழுத்துக்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளியோடுதான் தொடங்குகிறது. நெட்வொர்க் டிஸ்க்கின் முகவரியிலும் முக்காற்புள்ளி உண்டு. எது பாதையின் பகுதி, எது குறிப்பு என்று கருவி ஊகிக்க வேண்டியதாகிறது. டாக்கர் இந்த வழியில் வெகுதூரம் போன பிறகு, 17.06 பதிப்பிலிருந்து சாதாரண கன்டெய்னர்களுக்கும் ‘--மவுன்ட்’ என்ற விரிவான வடிவத்தைக் கொடுத்தது. இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வித்தியாசம்: இல்லாத ஃபோல்டரை ‘-வி’யில் கொடுத்தால் அது தானே காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், ‘--மவுன்ட்’ பிழை சொல்லி நின்றுவிடும். பாதையில் ஓர் எழுத்து பிசகினால் காலி இடத்தைக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் தொடர்வது எங்கள் வேலைக்கு ஆகவே ஆகாது.

விரிவான வடிவம் என்பது சாவியும் மதிப்புமாக, காற்புள்ளி போட்டு எழுதுவது: கோப்பு=இது, வடிவம்=அது. கியூஎமுவின் ‘-டிரைவ்’, விர்ட்-இன்ஸ்டாலின் ‘--டிஸ்க்’ எல்லாம் இந்த வகை. புதிய குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம், பழைய கட்டளைகள் உடையாது. சிக்கல் காற்புள்ளியிலேயே இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஃபோல்டருக்கு ‘கானாடுகாத்தான், பெரிய வீடு’ என்று பெயர் வைப்பார்கள். கியூஎமுவில் பாதைக்குள் காற்புள்ளி வந்தால் அதை இரட்டையாக எழுத வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஸ்கேன் செய்கிறவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

நாலாவது, தனிக் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் அல்லது நின்றிருக்கும் விஎம்மிடம் ‘இந்த டிஸ்க்கை இணை’ என்று சொல்வது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருளில் ஸ்டோரேஜ்அட்டாச் அப்படி ஒன்று. கன்ட்ரோலர் பெயர், போர்ட் எண், டிவைஸ் எண், வகை, கோப்பு எல்லாவற்றையும் கேட்கும். கறாரானது, ஆனால் ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறக்க வைக்கும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின் விர்ஷ் அட்டாச்-டிஸ்க் அதைவிடச் சுருக்கம், ஆனால் அதில் இரண்டு பள்ளம் இருக்கிறது.

ஒன்று, இணைப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பது. ஓடுகிற விஎம்மில் ‘--பெர்சிஸ்டென்ட்’ போடாமல் இணைத்தால், அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான் டிஸ்க் இருக்கும். அணைத்து எழுப்பினால் டிஸ்க் காணாமல் போயிருக்கும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பார்ப்பவருக்கு ‘ஸ்கேன் எல்லாம் போச்சு’ என்றுதான் தோன்றும். அந்தப் பதற்றத்தில் ஆட்கள் செய்கிற அடுத்த காரியம்தான் உண்மையிலேயே ஆபத்து. மற்றது, டிஸ்க் கோப்பின் வடிவம். கியூஎமுவின் சொந்த வடிவமான கியூகௌ2 கோப்பை அப்படிச் சொல்லாமல் இணைத்தால், லிப்வர்ட் அதைத் தலைப்பு ஏதும் இல்லாத வெறும் ரா டிஸ்க்காகவே எடுத்துக்கொள்ளும். 100 ஜிபிக்குப் புதிதாக உருவாக்கிய கியூகௌ2 கோப்பு, விஎம்முக்குள் 200 கேபிக்கும் குறைவான டிஸ்க்காகத் தெரியும்.

லிப்வர்ட் ஊகிக்க மறுப்பது சரியான முடிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரா டிஸ்க்கின் முதல் பகுதியில் விஎம் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கியூகௌ2 தலைப்புப் போல் எழுதி, அதில் ஹோஸ்டின் ஏதோ ஒரு கோப்பை அடிப்படைக் கோப்பாகக் காட்டிவிட்டால், அடுத்த முறை வடிவத்தை ஊகிக்கும் கருவி அந்தக் கோப்பையே விஎம்முக்குத் திறந்து காட்டிவிடும். கியூஎமுவும் வடிவம் சொல்லாத ரா டிஸ்க்குக்கு எச்சரிக்கை தந்து, முதல் பிளாக்கில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிறது. சரி, ஊகிக்கவும் கூடாது, பயனர் ஒவ்வொரு முறையும் சொல்லவும் மறப்பார். அப்படியானால் வடிவத்தை ஒரே ஒரு முறை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

அந்த யோசனைதான் என்னை லைமா என்ற இன்னொரு விஎம் கருவியின் பாணிக்குக் கொண்டு போகிறது. லைமாவில் டிஸ்க் என்பது விஎம்மைச் சாராத தனிப் பொருள். முதலில் பெயரும் அளவும் கொடுத்து டிஸ்க்கை உருவாக்க வேண்டும். பிறகு விஎம்மின் அமைப்புக் கோப்பில் அந்தப் பெயரை மட்டும் குறித்தால் போதும். ஒரு விஎம் பயன்படுத்தும்போது டிஸ்க்குக்குப் பூட்டும் விழும். எங்களுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. ‘டிஸ்க் உருவாக்கு’ என்ற கட்டளை கோப்பின் பாதை, வடிவம், அளவு மூன்றையும் ஒரு முறை பதிவு செய்துகொள்ளும். அதன் பிறகு ‘தொடங்கு’ கட்டளையில் வருவது பெயர் மட்டுமே. பாதை அங்கே வராததால் முக்காற்புள்ளிச் சண்டையும் காற்புள்ளிச் சண்டையும் ஒன்றாக ஓய்ந்துவிடுகின்றன. பதிவில் இல்லாத பெயரைக் கொடுத்தால் பிழை, நிறுத்தம். கூடுதலாக ஒரு கட்டளை கற்க வேண்டியிருக்கிறதே என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டளையை ஒரு டிஸ்க்குக்கு ஒரு முறைதான் தட்டப் போகிறார்கள்.

பெயர் என்று சொல்லியாயிற்று, அதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்

விஎம்முக்குள் டிஸ்க்குகள் விடிஏ, விடிபி, விடிசி என்று வரிசையாக வந்து நிற்கும். இந்த வரிசையை நம்பி எதையும் எழுதக் கூடாது. ஒரு டிஸ்க்கை விட்டுவிட்டுத் தொடங்கினால் அடுத்ததெல்லாம் ஒரு படி முன்னால் நகர்ந்துவிடும். செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளை வாசலிலிருந்து எத்தனையாவது என்று யாரும் சொல்வதில்லை, எந்த மகனுக்கு உரியது என்றே சொல்வார்கள். டிஸ்க்குக்கும் அப்படி ஓர் உரிமைப் பெயர் வேண்டும்.

விர்ட்ஐஓ பிளாக் டிவைஸுக்கு, அதாவது கியூஎமு விஎம்முக்குக் காட்டும் மெய்நிகர் டிஸ்க்குக்கு, அப்படி ஒரு வசதி உண்டு: சீரியல். லினக்ஸ் அதைப் படித்து ‘டிஸ்க்/பை-ஐடி’ என்ற இடத்தில் நிலையான பெயராக வைக்கும். ஆனால் அதற்கு 20 பைட்தான் இடம், விர்ட்ஐஓ விதிப்படி ஆஸ்கி எழுத்தாகவும் இருக்க வேண்டும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ‘பேரேடு’ 18 பைட்டில் முடிகிறது, ‘காரைக்குடி’ 30 பைட்டுக்குப் போகிறது. சரி, ஆங்கில எழுத்தில் எழுதினால்? தேவகோட்டை, ஒரு கோடு, பேரேடு, ஒரு கோடு, 1931 என்று ரோமன் எழுத்தில் எழுதினால் 22 எழுத்து. 20க்கு மேல் உள்ளது உள்ளே தெரியாது. 1931-ஆம் வருஷப் பேரேடும் 1932-ஆம் வருஷப் பேரேடும் ‘19’ என்று முடியும் ஒரே பெயராகிவிடும். வருஷத்தைக் கடைசியில் எழுதுவது நம் எல்லாருடைய பழக்கமும் என்பதால், இது கண்டிப்பாக நடக்கும்.

ஃபைல் சிஸ்டத்தின் லேபிளை நம்பலாமா? லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல் அதற்கு 16 பைட்தான். இன்னும் மோசம்.

ஆகவே என் முடிவு: மனிதருக்கு ஒரு பெயர், இயந்திரத்துக்கு ஓர் எண். தமிழ்ப் பெயர் எங்கள் பதிவேட்டில் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். டிஸ்க் உருவாகும்போதே கருவி 20 எழுத்துள்ள அடையாளம் ஒன்றைத் தானே தயாரித்து, அதையே சீரியலாகக் கொடுக்கட்டும். உள்ளே மவுன்ட் ஆகும் ஃபோல்டருக்குத் தமிழ்ப் பெயர் வரும்படி கருவியே பார்த்துக்கொள்ளும். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ‘கோட்டையூர்’ என்பதில் வரும் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் கணக்கில் வேறு. எந்தப் பக்கம் எந்த வடிவத்தில் தட்டினாலும் ஒரே டிஸ்க்கே கிடைக்க, பெயரை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். தமிழில் கட்டளை வைத்த பிறகு இதைச் செய்யாமல் விடுவது பயனருக்குச் செய்யும் அநியாயம்.

படிக்கவா, எழுதவா?

பெரும்பாலான கருவிகளில் சொல்லாமல் விட்டால் எழுதும் உரிமையும் சேர்ந்தே வரும். நான் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். எழுத்துணரி ஓட்டும் விஎம், பட்டியல் தேடும் விஎம், படத்தை நேராக்கிப் பார்க்கும் விஎம், இவை எல்லாவற்றுக்கும் ஸ்கேன்களைப் படித்தால் போதும். புதுப் பக்கங்களைக் கொண்டு சேர்க்கும் ஒரே ஒரு விஎம்தான் எழுத வேண்டும். ஆகவே இரண்டு ஆப்ஷன்: ‘--டிஸ்க்’ என்றால் படிக்க மட்டும், ‘--எழுதும்-டிஸ்க்’ என்றால் எழுதவும். இரண்டுக்கும் பின்னால் பெயர் மட்டும் வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஒரே இஎக்ஸ்டி4 டிஸ்க்கை இரண்டு விஎம் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். இதற்குக் காவல் கியூஎமுவிலேயே இருக்கிறது. 2017-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அது கோப்பின் மேல் பூட்டுப் போடுகிறது. பல விஎம்கள் படிக்கலாம், ஒன்று எழுதும்போது மற்றது திறக்க முடியாது. அந்தப் பூட்டைத் தளர்த்தும் ஆப்ஷனும் கியூஎமுவில் உண்டு, அதை எங்கள் கருவி வெளியே காட்டவே கூடாது. கேஷ் முறைகளில் ‘அன்சேஃப்’ என்பதற்கும் இதே தீர்ப்பு. வேகம் கிடைக்கும், ஆனால் ‘டிஸ்க்கில் எழுதி முடி’ என்று விஎம் கேட்பதை அது கண்டுகொள்ளாது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அந்த வேகம் வேண்டாம்.

படிக்க மட்டும் என்பதில் ஒரு முள் உண்டு. எழுதிய விஎம் ஒழுங்காக மூடாமல் போயிருந்தால் இஎக்ஸ்டி4-இன் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பகுதியில்) பாக்கி இருக்கும். அடுத்து மவுன்ட் செய்யும்போது அந்தப் பாக்கியை எழுதித் தீர்க்கப் பார்க்கும். டிஸ்க்கோ எழுத விடாது, மவுன்ட் தோற்றுப்போகும். ஜர்னலைத் தொடாமல் விடும் ‘நோலோடு’ போட்டால் மவுன்ட் ஆகும்தான், ஆனால் பாதி எழுதிய நிலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த நிலையைக் கருவி கண்டுபிடித்து, ‘ஒரு முறை எழுதும் உரிமையோடு திறந்து மூடுங்கள்’ என்று தமிழில் சொல்ல வேண்டும். சும்மா மவுன்ட் பிழையைக் கொட்டினால் பயனர் டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

காலம் எவ்வளவு என்பதற்கும் விடை இப்போது எளிது. கட்டளையில் கொடுத்தது அந்த ஓட்டத்துக்கு மட்டும். எப்போதும் வேண்டுமென்றால் விஎம்மின் அமைப்புக் கோப்பில் அதே பெயரை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எந்தெந்த டிஸ்க் இணைந்தது, எது படிக்க, எது எழுத, எது கட்டளையால் வந்தது, எது கோப்பால் வந்தது என்று கருவி நாலு வரி காட்டும். ‘நீக்கு’ விஎம்மை மட்டும் நீக்கும், பதிவு செய்த டிஸ்க்கைத் தொடாது.

ஓடும்போதே இணைப்பதை முதல் பதிப்பில் விட்டுவிடலாம். கியூஎமுவின் க்யூ35 வகை இயந்திரத்தில் அதற்கான பிசிஐ ரூட் போர்ட்டுகளை (டிவைஸ் மாட்டும் இடங்களை) தொடங்கும்போதே காலியாக விட்டிருக்க வேண்டும், கழற்றும்போது விஎம்மும் ஒத்துழைக்க வேண்டும். பின்னால் தேவைப்படலாம் என்பதால் நாலு போர்ட்டை இப்போதே காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகக் கொடுப்பதும் இப்போது வேண்டாம். ஹோஸ்ட் அதைத் தானாகவே மவுன்ட் செய்திருக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும் கதை மறுபடி தொடங்கும்.

மீதி இருப்பது சோதனை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கியூஎமுவைக் கொன்று, மறுபடி திறந்து, அதற்கு முன் எழுதி முடித்ததாகச் சொன்ன ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்க வேண்டும். ஒரே டிஸ்க்கை இரண்டு விஎம்முக்கு எழுதக் கொடுத்து, இரண்டாவது தொடங்க மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விதமாகத் தட்டிய ‘கோட்டையூர்’ ஒரே டிஸ்க்கைத் திறக்க வேண்டும். இந்த மூன்றும் தேறிய பிறகே புதிய பதிப்பை ஸ்கேன் செய்கிறவர்களிடம் கொடுப்பதாக இருக்கிறோம்.